ஓசி அஃபிடவிட்டா, காசு கொடுத்து சர்டிபிகேட்டா? தென்னாப்பிரிக்காவில் கஸ்டமர் பி.இ.இ. கேட்டால்

டர்பனில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். பிப்ரவரிக் கணக்கு முடிந்து மார்ச் பிறந்தால் போதும், ஒரே கேள்வியோடு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, கஸ்டமர் பி.இ.இ. சர்டிபிகேட் கேட்கிறார். ஏஜெண்ட் ஒருத்தர் 1,500 ரேண்ட் ஆகும்ங்கிறார், கொடுத்துடவா?" இப்படிக் கேட்கிற பெரும்பாலானவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கொடுக்காதீர்கள், போலீஸ் ஸ்டேஷனில் ஓசியில் முடிகிற வேலை அது. மீதிப் பேருக்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை. அவர்களுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் தொழிலிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள், அதைச் சரிக்கட்ட 2003-இல் ஒரு சட்டம் வந்தது, அதுதான் பி.இ.இ., அதாவது கறுப்பினத்தவரைப் பொருளாதாரத்தில் தூக்கிவிடும் சட்டம். கம்பெனிக்கு மார்க் போடும் விதிகள் 2015 மே 1 முதல் இப்போதைய வடிவத்துக்கு வந்தன, 2019-இல் இன்னும் கொஞ்சம் மாற்றினார்கள். மார்க்கை வைத்து லெவல் 1 முதல் 8 வரை. ஒன்றுதான் உசத்தி. 40 மார்க்குக்குக் கீழே போனால் லெவலே கிடையாது. இந்த லெவலைக் கஸ்டமர் ஏன் கேட்கிறார் என்றால், அவருடைய மார்க்கில் ஒரு பகுதி அவர் யாரிடம் சரக்கு வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. லெவல் 1 கம்பெனியிடம் 100 ரேண்டுக்கு வாங்கினால் அவர் கணக்கில் 135 ஏறும். லெவல் 2 என்றால் 125, லெவல் 4 என்றால் 100, லெவல் 8 என்றால் வெறும் 10. லெவலே இல்லாதவரிடம் வாங்கினால் பூஜ்யம். ஆக, அவர் உங்கள் மேல் அக்கறையில் கேட்கவில்லை, தன் மார்க்குக்காகக் கேட்கிறார். உங்களுக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று முடிவு செய்யும்போது இதை மறக்கக் கூடாது.

சரி, எந்தக் காகிதம்? அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று உங்கள் வருட டர்ன்ஓவர். இன்னொன்று பங்கு யார் பேரில் இருக்கிறது, அவர் சட்டப்படி 'கறுப்பினத்தவர்'தானா என்பது.

இந்த இரண்டாவதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர்கள், கலப்பினத்தவர்கள், இந்தியர்கள் மூவரும் அடக்கம். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இருக்கிற கோவிந்தர்களும் நாயுடுகளும் மூட்லிகளும், இந்தக் கணக்கில் கறுப்பினத்தவர்கள்தான். ஆனால் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவராக அல்லது வம்சாவளியில் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கியவர் என்றால் 1994 ஏப்ரல் 27-க்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டும், அல்லது அந்தத் தேதிக்கு முன்பே வாங்கும் தகுதி அவருக்கு இருந்திருக்க வேண்டும். முதல் ஜனநாயகத் தேர்தல் நடந்த நாள் அது. 2005-இல் வேலை விசாவில் வந்து, 2014-இல் தென்னாப்பிரிக்கப் பச்சைப் பாஸ்போர்ட் வாங்கிய தூத்துக்குடிக்காரர் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஒரு தம்பி என்னிடம் கையை நீட்டிக் காட்டியே கேட்டார், "சாட்ஸ்வர்த் அண்ணனைவிட நான் ரெண்டு சுற்று கறுப்பு, என்னை எப்படி இல்லைங்கிறாங்க?" என்று. நிறவெறி ஆட்சியில் அடிபட்டவர்களுக்கான சட்டம் இது, அப்போது நாம் தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம் என்றேன். கோபம் தணிந்ததா தெரியாது, கேள்வி நின்றுவிட்டது.

டர்ன்ஓவர் பக்கம் எளிது. வருடத்துக்கு 1 கோடி ரேண்ட் வரை, இங்கே பத்து மில்லியன் என்பார்கள், குறுந்தொழில். 1 கோடியிலிருந்து 5 கோடி வரை சிறுதொழில். அதற்கு மேலே பெரிய கம்பெனி, அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது, ஆள் வைத்திருப்பார்கள். சில துறைகளுக்கு வரம்பே வேறு. சுற்றுலாவில் குறுந்தொழில் என்பது 50 லட்சம் ரேண்டோடு நின்றுவிடும், கட்டடக் கான்ட்ராக்டருக்கு 30 லட்சம்தான். கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவரும் கொத்தனார் வேலை எடுக்கிறவரும் பொது வரம்பைப் பார்த்து நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம்.

முதல் வழி, அஃபிடவிட். குறுந்தொழிலுக்கு வெள்ளைக்காரர் ஓனராக இருந்தாலும் நம்மைப் போல் வந்தவர் ஓனராக இருந்தாலும் சும்மாவே லெவல் 4 உண்டு. 51 சதவீதம் கறுப்பினத்தவர் பங்கு என்றால் லெவல் 2, முழுக்க 100 சதவீதம் என்றால் லெவல் 1. இதை யாரும் வந்து சோதித்துச் சான்று தர வேண்டியதில்லை. வர்த்தகத் துறை வெளியிட்டிருக்கிற படிவத்தை நிரப்பி, சத்தியம் வாங்க அதிகாரம் உள்ள ஆணையர் (கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், போலீஸ்காரருக்கும் அந்த அதிகாரம் உண்டு) ஒருவர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது, 12 மாதம் செல்லும். போலீஸ் ஸ்டேஷனில் காசு வாங்குவதில்லை. 1 கோடிக்கும் 5 கோடிக்கும் இடையில் இருக்கிற சிறுதொழிலும், கறுப்பினத்தவர் பங்கு 51 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், இதே அஃபிடவிட்டில் முடித்துக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியவில்லை. 3 கோடி ரேண்ட் வியாபாரம் செய்கிற, முழுக்க டர்பன் தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு கடைக்காரர், வருடா வருடம் தணிக்கை ஏஜென்சிக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கப் படிவத்தில் லெவல் 1 வந்துவிடும் என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஓசி என்பதால் ஏனோதானோ என்று செய்தால் அடி வாங்குவீர்கள். படிவத்தில் 'இந்தத் தேதியோடு முடிந்த நிதியாண்டு' என்று ஒரு கோடிட்ட இடம் வரும். நான் கணக்குப் பார்க்கிற ஒருவர் அதில் வெறுமனே '2023' என்று எழுதிவிட்டார். நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும். டெண்டர் கமிட்டியில் அந்த ஒரே காரணத்துக்காக பி.இ.இ. மார்க்கில் கை வைத்துவிட்டார்கள். இன்னொரு தடவை, கூட்டமான ஸ்டேஷனில் கவுன்டருக்குப் பின்னால் இருந்த காவலர் சீலைக் குத்திவிட்டுத் தேதி போட மறந்துவிட்டார், நம்மாளும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அங்கேயே நின்று பாருங்கள்: சீல், கையெழுத்து, தேதி, அவருடைய பெயர். உங்கள் கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள், அவர் கண் முன்னால் போட வேண்டும். அந்தக் கம்பெனியில் ஏதாவது ஆதாயம் உள்ள ஆளிடம் சீல் வாங்கக் கூடாது. சுற்றுலா, கட்டடம், ஐ.டி. போன்ற துறைகளுக்குத் தனித்தனி அஃபிடவிட் படிவம் இருக்கிறது, பொதுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

இரண்டாவது வழி, கம்பெனிகளைப் பதிவு செய்கிற சி.ஐ.பி.சி. தருகிற சர்டிபிகேட். இதுவும் ஓசிதான், பிஸ்போர்ட்டல் என்ற அவர்களுடைய இணையதளத்தில் உள்ளே போய் உட்கார்ந்த இடத்தில் எடுக்கலாம். குறுந்தொழிலுக்கு மட்டும்தான் தருவார்கள். தனி ஆள் பெயரில் வியாபாரம் நடத்துகிறவருக்கு சி.ஐ.பி.சி. பதிவே இல்லை என்பதால் கிடைக்காது, அவர் அஃபிடவிட்டுக்குத்தான் போக வேண்டும். சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ஆனால் நடைமுறையில், அஃபிடவிட்டைப் பார்த்தால் "இது சர்டிபிகேட் இல்லையே" என்று மூக்கைச் சுளிக்கிற கொள்முதல் கிளார்க்குகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் விளக்கம் சொல்லி மாய்வதைவிட சி.ஐ.பி.சி. பெயர் போட்ட காகிதத்தை நீட்டுவது நிம்மதி. எதிர்ப்பக்கமும் உண்டு: இளைஞர், மாற்றுத்திறனாளி, கிராமப்புறத்தவர் எத்தனை சதவீதம் என்ற பிரிவெல்லாம் அஃபிடவிட்டில் எழுத இடம் இருக்கிறது, சில பெரிய கம்பெனிகளுக்கு அந்த விவரம் வேண்டும். என் வழக்கம், சி.ஐ.பி.சி. பதிவு இருந்தால் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது. ஒரு நாள் வேலை. 2023-லிருந்து உண்மையான பங்குதாரர் யார் என்று சி.ஐ.பி.சி.யில் தனியாகப் பதிய வேண்டியிருக்கிறது, அதில் ஒரு சதவீதமும் அஃபிடவிட்டில் வேறொரு சதவீதமும் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அப்படியானால் அந்த 1,500 ரேண்ட் ஏஜெண்ட் என்ன தருகிறார்? பெரும்பாலும் இதே படிவத்தை நிரப்பி, தங்க நிறக் கரை போட்ட ஒரு காகிதத்தையும் சேர்த்துத் தருகிறார். படிவம் நிரப்பிக் கொடுத்ததற்குக் கூலி என்று சொன்னால் ஒன்றும் தப்பில்லை. அதை 'சர்டிபிகேட்' என்று விற்றால்தான் தப்பு. சி.ஐ.பி.சி.யை விட்டால், சான்றளிக்கும் அதிகாரம் சானாஸ் (நாட்டின் அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குத்தான் உண்டு, ஒரு காலத்தில் ஆடிட்டர் கொடுத்த கடிதமும் இப்போது செல்லாது.

மூன்றாவது வழி அந்த சானாஸ் ஏஜென்சியின் முழுச் சோதனை. இதற்குத்தான் உண்மையிலேயே காசும் ஆயுசும் செலவாகும். சம்பளப் பட்டியல், பயிற்சிக்குக் கட்டிய பில், சப்ளையர் ஒவ்வொருவரின் பி.இ.இ. காகிதம், நன்கொடை ரசீது என்று எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். ஏஜென்சி ஆள் வந்து வேலைக்காரர்களிடமே பேசுவார். யாருக்கு இது தேவை? 1 கோடியைத் தாண்டியும் 51 சதவீதக் கறுப்பினப் பங்கு இல்லாதவருக்கு. அப்புறம், லெவல் 4-இல் இருந்துகொண்டு இன்னும் மேலே போக ஆசைப்படுகிற குறுந்தொழிலும், விரும்பினால், சிறுதொழிலின் மார்க் அட்டையில் தன்னை அளந்துகொள்ளலாம். ஆனால் பங்கே இல்லாமல் மேலே போவது குதிரைக் கொம்பு. புதுக் கம்பெனிக்கு முதல் வருடம் குறுந்தொழில் சலுகை உண்டு, ஆனால் 1 கோடி ரேண்டுக்கு மேலான டெண்டருக்குப் போனால் அவரும் இந்த மார்க் அட்டையைக் காட்ட வேண்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். 98 லட்சம் ரேண்டில் நிற்கிற, நம்மைப் போல வந்தவருடைய கம்பெனி லெவல் 4. கஸ்டமர் 100 ரேண்டுக்கு வாங்கினால் அவருக்கு 100 ஏறுகிறது, சந்தோஷம். அடுத்த வருடம் வியாபாரம் 1 கோடியே 3 லட்சம். அந்தச் சும்மா கிடைத்த லெவல் போயே போச்சு. மார்க் அட்டையில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், எதுவும் செய்து வைக்கவில்லையென்றால் கஸ்டமருக்கு ஏறுவதும் பூஜ்யம். 5 லட்சம் கூடுதலாக விற்றதற்குப் பரிசு இது. அப்போது ஓடி வந்து "அண்ணே, ஏதாவது செய்யுங்க" என்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் மார்க்கில் பெரும்பகுதி அந்த நிதியாண்டுக்குள்ளேயே செலவழித்திருக்க வேண்டிய பணத்துக்குத்தான். கறுப்பின ஊழியர்களின் பயிற்சி, சின்ன கறுப்பின சப்ளையரைத் தூக்கிவிட நிகர லாபத்தில் 1 சதவீதம், சமூகப் பணிக்கு இன்னொரு 1 சதவீதம் என்று முன்கூட்டியே திட்டம் போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் பங்குக்கான 25 மார்க் கையில் இல்லை. போனஸை விட்டுவிட்டுப் பார்த்தால் மீதி 75-ஐ முழுசாக அள்ளினாலும் லெவல் 5. பங்கில் குறைந்தபட்ச மார்க் எடுக்காததற்குத் தண்டனையாக ஒரு படி இறக்குவார்கள், லெவல் 6. கஸ்டமருக்கு 100-க்கு 60. இதே கம்பெனியில், இங்கேயே பிறந்த டர்பன் தமிழர் ஒருவர் 51 சதவீதம் வைத்திருந்தால் அந்த 1 கோடிக் கோட்டை அவர் கவனிக்காமலேயே தாண்டிப் போவார், 5 கோடி வரை அஃபிடவிட்தான்.

அரசு டெண்டர் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் ரேண்டில் எவ்வளவு என்று ஒரு கணக்கு. 5 கோடி ரேண்ட் வரையிலான டெண்டரில் விலைக்கு 80 மார்க், மீதி 20. பழைய 2017 விதிகளில் அந்த இருபதில் லெவல் 1-க்கு 20, லெவல் 4-க்கு 12. மிகக் குறைந்த விலையைவிட 10 சதவீதம் அதிகம் கேட்டால் விலையில் 8 மார்க் போகும். ஆக, லெவல் 1 ஆள் உங்களைவிட 10 சதவீதம் அதிகம் கேட்டாலும் லெவல் 4 ஆன உங்களோடு சமமாக நிற்பார். உங்களுக்கு லெவலே இல்லை என்றால் அவர் 25 சதவீதம் அதிகம் கேட்கலாம். 2023 ஜனவரி முதல் அந்த 20 மார்க்கை எதற்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு அலுவலகமும் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது, அதனால் டெண்டர் காகிதத்தில் அந்த மார்க்கைப் பற்றிச் சொல்கிற எஸ்.பி.டி. 6.1 படிவத்தை வரி விடாமல் படியுங்கள். பி.இ.இ. லெவலையே கேட்காமல் பெண்கள் பங்கு, உள்ளூர்க்காரரா என்று கேட்கிறவர்களும் உண்டு.

நாலாவது வழி, எந்தக் காகிதமும் எடுக்காமல் இருப்பது. சிரிக்காதீர்கள், சிலருக்கு இதுதான் சரி. தனியார் கம்பெனி பி.இ.இ. எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, எடுக்காததற்கு அபராதமும் இல்லை. தோசைக் கடை, சலூன், மளிகை என்று வாசலில் வந்து காசு கொடுத்துப் போகிற வாடிக்கையாளரை நம்பி நடக்கிற வியாபாரத்தில் யாரும் உங்கள் லெவலைக் கேட்கப் போவதில்லை. 1 கோடியைத் தாண்டினாலும் உங்கள் பாட்டுக்கு வியாபாரம் செய்யலாம். கேட்டரிங் ஆர்டர் எடுக்க ஆரம்பித்து ஏதாவது ஆஸ்பத்திரியோ பேங்கோ கஸ்டமராக வந்தால் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி வழி பங்கை மாற்றுவது. இங்கேதான் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கிறது. டிரைவர் பெயரில், வீட்டு வேலை செய்கிற அம்மா பெயரில் 51 சதவீதம் எழுதி வைத்துவிட்டு, அவர்களுக்கு விஷயமே சொல்லாமல் லெவல் 2 அஃபிடவிட் போடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். இதற்கு இங்கே 'ஃப்ரண்டிங்' என்று பெயர். 2013 திருத்தத்துக்குப் பிறகு இது கிரிமினல் குற்றம்: 10 வருடம் வரை சிறை, கம்பெனிக்கு ஆண்டு டர்ன்ஓவரில் 10 சதவீதம் வரை அபராதம். பெரிய தலைகளும் தப்பவில்லை. பிரசா என்ற அரசு ரயில் நிறுவனம் ஸ்விஃபாம்போ கம்பெனியோடு போட்ட 350 கோடி ரேண்ட் எஞ்சின் ஒப்பந்தத்தை 2017-இல் உயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. பி.இ.இ. தகுதியைப் பயன்படுத்தக் கொடுத்துக் காசு வாங்கிய பொம்மைப் பங்காளிதான் ஸ்விஃபாம்போ என்று தீர்ப்பில் சொன்னார்கள். காகிதத்தில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. அந்தப் பங்குதாரர் தொழிலில் உண்மையாக ஈடுபடுகிறாரா, லாபம் அவர் பங்கின் அளவுக்கு அவர் கைக்குப் போகிறதா என்று பார்க்கும். நடுவில் ஒரு ஹோல்டிங் கம்பெனி வைத்து 51 காட்டலாம் என்ற புத்திசாலித்தனமும் வேலைக்கு ஆகாது. ஹோல்டிங்கில் 70 சதவீதம், அது உங்கள் கம்பெனியில் 60 சதவீதம் என்றால் பெருக்கிப் பாருங்கள், 42தான்.

நேர்மையாகச் செய்ய வழி இல்லாமல் இல்லை. முதலில் கை நீட்டிக் காட்டினாரே அந்தத் தூத்துக்குடித் தம்பி, அவர் துப்புரவுப் பொருள் சப்ளை செய்கிறார், தரை துடைக்கிற கெமிக்கல், டிஷ்யூ பேப்பர் எல்லாம். இந்த வருடம் 92 லட்சம், அடுத்த வருடம் கோட்டைத் தாண்டுவது நிச்சயம், இரண்டு பெரிய கஸ்டமர்கள் வருடா வருடம் காகிதம் கேட்கிறவர்கள். முழுச் சோதனைக்குப் போனால் போனஸ் இல்லாமல் அதிகபட்சம் லெவல் 6, அதற்கே அலைச்சலும் செலவும். அவர் மனைவி சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவர், ஐந்து வருடமாகக் கம்பெனியில் ஸ்டாக்கும் வசூலும் பார்ப்பவர் அவர்தான். அவர் உண்மையாகவே 51 சதவீதம் வாங்கிக்கொண்டால் 1 கோடியைத் தாண்டினாலும் லெவல் 2, அதுவும் வெறும் அஃபிடவிட்டில். காகிதத்தில் இதைவிடத் தெளிவான முடிவு கிடையாது, நானும் அதையே சொன்னேன். மூவரும் என் ஆபீஸில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். தம்பிக்குச் சம்மதம், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவை எடுத்துவிட்டார். அந்தத் தங்கச்சி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ அண்ணா, பேங்கில செக் சைன் பண்றது யாரு? லாபத்தில பாதிக்கு மேல என் அக்கவுண்டுக்கு வருமா?" சட்டப்படி வந்தே ஆக வேண்டும் என்றேன். தம்பி பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிப்ரவரி 28-க்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.